சோபா யாருடையது

மார்ச் 4

அன்புத் தம்பி,

இங்கே நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். எப்படியும் நீ அதை எழுதப்போவதில்லை.

என் மகள், உன் மருமகளும் நலம். நர்சிங் இரண்டாம் வருடம். இருக்கிற ஒரே அறையைப் பழைய சேலையால் இரண்டாகப் பிரித்து, அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறாள். "உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வாம்மா" என்கிறாள். சேலையில் எங்கே தட்டுவது?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வரும். நீ இருக்கும் தூர்வாரும் கப்பலில் போன் எடுக்காது என்பது நமக்குக் கிடைத்த வரம். படகு வரும்போது கடிதம் வரட்டும், போதும்.

ஒரு செய்தி. தெருமுனையில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். நம் வரிசை வீடுகள் இருபதையும் இடித்துவிட்டு இதே இடத்தில் ஐந்து மாடி எழுப்பப் போகிறார்கள். இங்கே குடியிருப்பவர்களில் வசதி இல்லாதவர்களுக்கு முதல் இரண்டு மாடி, குறைந்த வாடகையில். இரண்டு அறை. அறைக்குக் கதவு. மேல் மாடிகள் வெளியாருக்கு. பலகைப் படத்தில் மரங்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தம்பதி, கையில் பலூனோடு ஒரு குழந்தை. நெட்டை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "இவங்கல்லாம் எப்ப குடி வர்றாங்க?" என்றாள்.

நெட்டையை மறந்திருப்பாய். பக்கத்து வீடு. விடுதிச் சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிப்பவள். அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. அவள் உயரத்துக்கு நான் எம்பி எம்பித்தான் இந்தப் பத்து வருடம் போயிற்று.

சென்ற வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வந்தார். அதற்கு முன்பே ஒரு பேச்சு பரவிவிட்டது. வீட்டை நன்றாக வைத்திருப்பவர்களுக்குத்தான் புது வீடாம், குப்பையாக வைத்திருந்தால் புதியதையும் குப்பையாக்கிவிடுவார்கள் என்று எழுதிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டேன். நம் வரிசை மளிகைக்கடைக்காரர் நெட்டையிடம் கேட்டதாகச் சொன்னார். நெட்டை மளிகைக்கடைக்காரரிடம் கேட்டதாகச் சொன்னாள்.

அவ்வளவுதான். சோபா கிளம்பிவிட்டது.

வரிசையில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் நீ அனுப்பிய சோபா போகும். பள்ளிக்கூட டீச்சர் வந்தால் போகும், கடன் கொடுக்கிறவன் வந்தால் போகும். கேட்பதுகூட இல்லை. "நம்ம சோபாவை எடுத்துக்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை ஒரே நாளில் வரிசை முழுக்க. ஆள் முன்வாசலில் டீ குடிக்கும்போது பின்சந்து வழியாகச் சோபா அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சோபாமேல் போட, சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட விரிப்புகளை நெட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகக் கொடுத்திருந்தாள். ஒரு வீட்டில் நீலம், ஒரு வீட்டில் கோடு, ஒரு வீட்டில் பூ. அந்த மனுஷன் ஒன்பதாவது வீட்டில் உட்கார்ந்தவர், "ஏன் எல்லா வீட்டுலயும் சோபா சூடாவே இருக்கு?" என்றாராம். மளிகைக்கடைக்காரர் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு பின்சந்துக்கு ஓடினார்.

நம் வரிசையில் வாட்ச்மேன் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். "நானே நின்னுக்கிட்டு வேலை பார்க்கிறவன், எனக்கெதுக்கு சோபா? வந்தவரும் நிக்கட்டும்." அவருக்கு வீடு கிடைக்காதே என்று எல்லோருக்கும் வருத்தம்.

வெகுநாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உனக்கு எழுத வேண்டும்போல இருந்தது.

நான் அதில் உட்கார்வதில்லை. உனக்குத் தெரியும். அம்மா கடைசிவரை தரையில் சுவரோடு முதுகைச் சாய்த்தாள். நீ வரவில்லை. அம்மா போன பிறகு லாரியில் சோபா வந்தது. கூட ஒரு வரி எழுத்துகூட இல்லை. யாருக்கு அனுப்பினாய்? அம்மாவுக்கா, எனக்கா? இரண்டு வருடமாகக் கேட்கிறேன். நீ கடலைப் பற்றி எழுதுகிறாய்.

உன் அக்கா


மார்ச் 21

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சமையற்காரரிடம் வாசித்துக் காட்டினேன். சூடான சோபா என்ற இடத்தில் அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். இப்போது கப்பலில் எது சூடாக இருந்தாலும் "கணக்கெடுக்க ஆள் வந்துட்டானா?" என்கிறார்கள்.

இங்கே நாங்கள் சேற்றை உறிஞ்சுகிறோம். குழாய் வழியாகத் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். இரவில் அலை அதில் பாதியைத் திரும்பக் கொண்டுவருகிறது. குழாய் விரிசல் விடும் இடங்களைப் பற்றவைப்பது என் வேலை. நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி. வேறு எதுவும் தெரியாது. நல்ல வேலை. யோசிக்க வேண்டியதில்லை.

என் கட்டில் இரண்டாவது அடுக்கு. நிமிர்ந்தால் தலை இடிக்கும். படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். கப்பலில் படுக்க இடம் இருக்கிறது. உட்கார இடம் இல்லை.

மருமகளுக்குக் கதவு கிடைக்கட்டும். அந்த வீட்டுக்கு நான் வருகிறேன் அக்கா. தட்டிவிட்டு வருகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நினைத்து இரண்டு தாள் வீணாயிற்று. அம்மாவின் முதுகை நினைத்தால் எனக்கு எழுத்து ஓடவில்லை. படகுக்காரர் கூப்பிடுகிறார். அடுத்த முறை.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

படகு எப்போது உன்னிடம் வரும் என்று தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

புது வீட்டுப் பட்டியலைத் தண்ணீர்க் குழாய்ச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். குடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் குழாயை மூடவில்லை.

ஒரே ஒரு பெயர். வாட்ச்மேன்.

மற்ற எல்லா வீட்டுக்கும் ஒரே காரணம் போட்டிருந்தது. வசதியுள்ள வீடு.

நெட்டை அதை வாசித்துவிட்டுத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். தகரம் பறக்காமலிருக்கக் கூரையில் கல் வைத்த வீடு. "வசதியுள்ள வீடாம்டீ" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பொருள்களுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள் தம்பி. மின்விசிறிக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று. மெத்தை வைத்த சோபாவுக்கு இரண்டு. ஐந்து புள்ளியைத் தாண்டினால் வசதி. நாங்கள் எல்லோரும் நாலிலும் ஐந்திலும் இருந்தவர்கள். சோபா வந்து உட்கார்ந்து எங்களைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டது.

வாட்ச்மேன் தன் பெயரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரோ செத்த வீட்டில் நிற்பது போல நின்றார்.

வந்தவரை மரியாதையாக உட்கார வைத்தோம். அவ்வளவுதானே செய்தோம்?

அக்கா


ஏப்ரல் 17

அன்புத் தம்பி,

இதைக் கவனமாகப் படி. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா போன பிறகு நான் உன்னிடம் கேட்கும் முதல் காரியம்.

மேல்முறையீட்டுக்கு எல்லோரும் போனோம். விசாரிப்பவர் ஒரு அம்மாள். கடுமையான முகம், ஆனால் எல்லோரையும் உட்காரச் சொன்னார். கணக்கெடுத்தவர் வீட்டுக்கு ஒன்றாக எடுத்த படங்களை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தார். நீல விரிப்பு. கோடு. பூ. எல்லாப் படத்திலும் இடது கைப்பிடியில் ஒரு முக்கோணத் தழும்பு. நான் ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்டது. விரிப்பு அதுவரை எட்டவில்லை.

"இது ஒரே சோபாதானே?" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் படங்களையே பார்த்தோம். பிறகு மளிகைக்கடைக்காரர், "ஆமாங்க மேடம். அதுவே நடந்து நடந்து வந்துச்சு" என்றார்.

அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். அறையே சிரித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. உங்க எல்லாருக்கும் நான் திருத்தி எழுதிடறேன். சோபா எந்த வீட்டுதோ அந்த வீட்டுக்கு மட்டும் முடியாது. புள்ளி புள்ளிதான்" என்றார். பேனாவைத் திறந்தார். "யாருது?"

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

யாரும் என்னைப் பார்க்கவில்லை தம்பி. பார்க்காமல் இருக்க அவ்வளவு சிரமப்பட்டார்கள். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உன் மருமகள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

நெட்டைதான் பேசினாள். "இவ தம்பி அனுப்பினதுங்க. கப்பல்ல இருக்கான்." சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்பதுபோலத் தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். "அனுப்பினார், சரி. உங்களுக்கே கொடுத்துட்டாரா? இல்ல, அவர் பொருள், இங்க வச்சிருக்கச் சொன்னாரா? வச்சிருக்கச் சொன்னதுன்னா உங்க கணக்குல வராது."

பார், ஒரு வாசல் திறந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நீங்க சொல்றத நான் எடுத்துக்க முடியாது. அவர்கிட்டயே கேட்கிறேன்" என்று உன் கம்பெனி முகவரியை எழுதிக்கொண்டார். மே 6 அன்று முடிவு சொல்கிறேன் என்றார்.

ஆகவே தம்பி, ஒரே வரி. "சோபா என்னுடையது, அக்காவுக்குக் கொடுக்கவில்லை, வைத்திருக்கச் சொன்னேன்." இதை மட்டும் எழுது. பத்தொன்பது வீட்டுக்கும் வீடு கிடைக்கும். என் வீடும் அதில் ஒன்று. உன் மருமகளுக்குக் கதவு.

பொய்தான். ஆனால் பாதிப் பொய். அதை யாருக்குக் கொடுத்தாய் என்று நீ இன்றுவரை சொன்னதில்லையே. சொல்லாமல் இருந்தது இப்போது உதவட்டும்.

உன் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவசரமா என்று கேட்டான். ஆமாம், ஒரு சோபா விஷயம் என்றேன். வைத்துவிட்டான்.

இன்னொன்று. நேற்றுவரை நம்ம சோபா. இப்போது எல்லோரும் என்னிடம் "உன் சோபா" என்கிறார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. வீட்டு நடுவில் கிடக்கிறது. சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஏப்ரல் 29

அன்பு அக்காவுக்கு,

படகு தாமதம். கடல் சரியில்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு உன் கடிதம் எதுவும் வரவில்லை. ஆனாலும் இன்று என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று கேப்டன் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கம்பெனி அலுவலகம் வழியாகக் கப்பலின் கம்ப்யூட்டருக்கு வந்த செய்தி. நம் ஊர் வீட்டுவசதி அலுவலகம் கேட்கிறது. "உங்கள் சகோதரி வசம் உள்ள சோபா உங்களுடையதா, அவருக்குக் கொடுத்துவிட்டதா? உறுதிப்படுத்தவும்." அவ்வளவுதான் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. வீடு இடிக்கிறார்கள். சாமான்களைக் கணக்குப் பார்க்கிறார்கள். யாரோ அதை உன்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். உன்னுடையது என்று நீ சொல்ல, அத்தாட்சி கேட்கிறார்கள். அத்தாட்சி எங்கே இருக்கிறது? நான்தான் ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லையே.

கேப்டன் தன் நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்து எழுதினேன். நீ இரண்டு வருடமாகக் கேட்டதை, கேட்டவளுக்கு எழுத முடியாததை, முகம் தெரியாத ஒரு அலுவலகத்துக்கு எழுத முடிந்தது. ஏன் என்று தெரியவில்லை. எழுதி முடித்ததும் கேப்டன் வாசித்துப் பார்த்தார். என் தோளில் தட்டிவிட்டு உடனே அனுப்பினார். இதற்குள் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். வெட்கமாக இருக்கிறது. அவர்கள் உனக்குக் காட்டுவார்கள்.

இனி யாரும் அதைத் தொட முடியாது அக்கா. நிம்மதியாக இரு.

இன்று குழாயில் பற்றவைத்த இடம் ஒவ்வொன்றும் நேராக விழுந்தது.

உன் தம்பி


மே 10

அக்கா,

இப்போதுதான் படகு வந்தது. இரண்டு கடிதமும் ஒன்றாக.

ஏப்ரல் 17.

படித்தேன். மறுபடி படித்தேன். சமையற்காரர் என்னடா என்றார்.

மே 6 போய்விட்டது.

கேப்டனிடம் போனேன். எழுதியது தப்பு, மாற்றி அனுப்புங்கள் என்றேன். எது தப்பு என்று கேட்டார். எதுவும் தப்பில்லை அக்கா. ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னிடம் ஒரே ஒரு பொய் கேட்டாய். அன்றைக்குப் பார்த்து நான் உண்மையை எழுதியிருக்கிறேன்.

மாற்றி ஒன்று அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை.

கை நடுங்கினால் என்னைப் பற்றவைக்க விட மாட்டார்கள். இன்று விடவில்லை.

திட்டியாவது எழுது.


ஜூலை 2

அன்புத் தம்பி,

உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சந்தோஷமாக எழுதியதை முதலில் பிரித்தது என் தலையெழுத்து.

நான் உடனே எழுதாததால் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

அதே அறை. வரிசை முழுக்க வந்திருந்தது. வாட்ச்மேன்கூட, அவருக்கு வேலை இல்லாவிட்டாலும். நான் தைரியமாகத்தான் போனேன். தம்பி ஒரு வரி எழுதியிருப்பான் என்று உன் மருமகளிடம் சொல்லியிருந்தேன். அவள் புது அறையில் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்று தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். உன் எழுத்து, அவர் குரலில்.

"இந்தச் சோபா என் அக்காவுடையது. அம்மாவுக்கு வாங்கப் பணம் சேர்த்தேன். சேர்ந்தபோது அம்மா இல்லை. கடையில் வெகுநேரம் நின்றேன். என் அக்கா நாள் முழுக்க நின்றுகொண்டே விரிப்பு மடிப்பவள், அவள் உட்காரட்டும் என்று தோன்றியது. அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் எதுவும் எழுதாமல் அனுப்பினேன். இதை அவளிடமிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவள் தனியாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் இருக்கிறேன். அவளுக்கு எது தேவை என்றாலும் என்னைக் கேளுங்கள்."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மளிகைக்கடைக்காரர் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கேட்டேன். கேட்ட பதில், அது வரவே கூடாத ஒரே ஒரு நாளில், பத்தொன்பது வீட்டார் முன்னால், ஓர் அலுவலக மேசைமேல் கிடக்கிறது.

அந்த அம்மாள் ஓரத்தில் எதையோ எழுதி, தாளைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஆதரவு உண்டு. இரண்டு சொல். "இதை எழுதித்தான் ஆகணும்மா. அவர் இவ்வளவு சொன்ன பிறகு வேற என்ன எழுத?" என்றார். சோபாவுக்கு இரண்டு புள்ளி. ஆதரவுக்குத் தனியாகப் புள்ளியாம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. பாசத்துல எழுதிட்டார்னு எனக்குப் புரியுது. வாயால சொல்றது செல்லாது, ஆனா நீங்க மறுத்துக் கையெழுத்துப் போட்டா நான் அதை எடுத்துக்கறேன்." அவரே ஒரு தாளில் எழுதி நீட்டினார். தம்பி கூறியது உண்மையல்ல. அவரால் எனக்கு எந்த ஆதரவும் இல்லை.

உன் மருமகள் பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள். "போடும்மா."

தம்பி, அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் உனக்கே எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறேன்! அம்மா இறந்த வருடம் நான் வேறு எதையும் எழுதவில்லை. என் கைக்குப் பழகிய வாக்கியம். போடத்தான் குனிந்தேன். பேனா எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக எழுதும் பேனா.

"சோபா என்னுதுதாங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்க்காதவர்கள் எல்லோரும்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. உனக்காக என்று நினைத்துக்கொண்டு கண்ணீர் விடாதே. மறுநாள் காலையில் எழுந்ததும் பைத்தியக்காரி என்று என்னையே திட்டினேன். இப்போதும் திட்டுகிறேன். ஒரு கதவைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் என் கதவல்ல, என் மகளுடையது. ஆனால் திரும்ப அந்தத் தாளை வைத்தாலும் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் மருமகள் அறையை விட்டு வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தாள். இனி எதற்கு என்பதுபோல.

மற்ற எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. தற்காலிகக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். கட்டி முடித்ததும் சாவி. நாங்கள் பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு அறை. முன்பக்கம் கூரை போட்ட ஒரு நடை. சலவைக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

விசாரணைக்கு மறுநாள் நெட்டையோடு விரிப்பு மடித்தேன். வேறு ஜோடி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் இரண்டு முனையோடு என்னிடம் நடந்து வந்தாள். முனைகளை என் கையில் கொடுத்த பிறகும் விடவில்லை. விரிப்பு எங்களுக்கு நடுவே தொங்கியது. "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதுடீ குட்டை" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். எல்லோரும் உண்மையையே சொல்லி இங்கே வந்து நிற்கிறோம். "மடிடீ, அடுத்தது காத்திருக்கு" என்றேன். அன்று அவள் முதுகை வளைத்து, என் உயரத்துக்குக் குனிந்து மடித்தாள். இன்றும் அப்படித்தான் மடிக்கிறாள். நிமிருடீ என்றால் கேட்பதில்லை.

வீடு மாறிய அன்று சொல்லியனுப்பாமலே எல்லோரும் வந்தார்கள். தள்ளுவண்டியில் சோபாவை ஏற்றி, முறை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் முன்னால் விசிலடித்து வழிவிடச் சொன்னார். மளிகைக்கடைக்காரர், "கடைசியா ஒரு தடவை நடந்து போவுது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

இங்கே வாசலில் அது நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். நடையிலேயே சுவரோரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

உன் மருமகள் வெகுநாள் என்னோடு பேசவில்லை. நேற்று, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா வெல்டர்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "எது வேணும்னாலும் என்னைக் கேளுங்கன்னு எழுதினார்ல? வந்து ஒரு கதவு வச்சுக் குடுக்கச் சொல்லு." கேலியா, கேட்கிறாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே எழுதிவிட்டேன்.

அளவு எடுத்து வைத்திருக்கிறேன். அறை நடுவே தகரத்தால் ஒரு தடுப்பு அடித்தால் கதவு வைக்கலாம்.

இதை நடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆமாம், அதில்தான். முதல் தடவை. கை வைக்கும் இடத்தில் முக்கோணத் தழும்பு தட்டுப்படுகிறது. அம்மா இதில் முதுகைச் சாய்த்திருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்க மாட்டாள்.

படகு கிடைத்ததும் வா. இங்கே உட்கார இடம் இருக்கிறது. படுக்கத்தான் இடம் இல்லை.

உன் அக்கா